இறகா, நாரா: மலைநாட்டு ஈரத்தில் எந்த ஸ்லீப்பிங் பேக்?

தை மாதம் மச்சானும் நானும் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் ஊடாகப் போகும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதையில் ஐந்து நாள் நடந்தோம். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாப் பக்கம் முடிகிற முழுப் பாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். நாங்கள் போனது நோர்வூட்டில் இருந்து பொகவந்தலாவ, டயகம வழியாக ஹப்புத்தளை வரைதான். இரண்டு இரவு கூடாரம், ஒரு இரவு கோயில் மண்டபம், கடைசி இரவு மச்சானுடைய சின்னம்மாவின் லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. அவனிடம் வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக், என்னிடம் பொலியெஸ்டர் நார் அடைத்தது. நான் நார்க் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எடையில் இறகுதான் வெல்லும், அதில் வாதமே இல்லை. அவனுடையது ஒரு கிலோவுக்கும் குறைவு, சுருட்டினால் ஒரு பாண் அளவு. என்னுடையது ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், முதுகுப்பையில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது. டயகம ஏற்றத்தில் அவன் முன்னால் விசிலடித்துக்கொண்டு போனான், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். விலையில் நார் மலிவு. சூடு, முதல் இரவில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் இரண்டாம் இரவில் தொடங்கியது. மழை பெய்யவில்லை. மழை என்றால் எவரும் உஷாராகிவிடுவார்கள். கூடாரத்துக்குள் இருவர் விட்ட மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கால்மாடு கூடாரத்தின் சுவரில் உரசியபடி இருந்ததால் இருவர் ஸ்லீப்பிங் பேக்கும் அந்த இடத்தில் நனைந்திருந்தன. வெளியே புல்லில் வெள்ளையாகப் பனி, மேலே மூட்டம். காய வைக்க வெயில் இல்லை. அப்படியே ஈரத்தோடு சுருட்டிக் கட்டினோம். மறுநாளும் அதே கதை.

இறகு சூடு தருவது அது பொங்கி நின்று, நடுவில் காற்றைப் பிடித்து வைப்பதால்தான். ஈரம் பட்டால் அந்தப் பொங்கல் அடங்கிவிடும். மூன்றாம் இரவு கோயில் மண்டபத்தில் அவன் பையின் கால்பகுதியைத் தடவிப் பார்த்தேன். இறகெல்லாம் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகத் திரண்டு மூலையில் கிடந்தது, நடுவில் வெறும் துணி மட்டும். அவன் இரண்டு சோடி காலுறையும் குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினான். என் நாரும் ஈரம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரத்திலும் அது ஓரளவு உப்பலாகவே இருந்தது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கே கதகதப்பானது.

நாலாம் நாள் சின்னம்மா வீட்டுக்குள் நுழைந்து பையை அவிழ்த்ததும் சின்னம்மா மூக்கைச் சுளித்து, "ஏன்டா தம்பி, உள்ள கோழி ஏதும் செத்துக் கெடக்கா?" என்றார். நனைந்த இறகு அப்படித்தான் நாறும். அடுப்பங்கரையில் கொடி கட்டி இரண்டையும் போட்டோம். என்னுடையது இராச்சாப்பாடு முடிவதற்குள் காய்ந்துவிட்டது. அவனுடையது காலை வரை காயவில்லை. இடையில் விறகில் இருந்து பொறி தெறித்து மேல்துணியில் பட்டாணி அளவு ஓட்டை. காலையில் அவன் பையை உதற, இஸ்தோப்பு முழுக்க இறகு பறந்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு நல்ல விளையாட்டு.

துவைப்பதும் இதே கதைதான். இறகுப் பையை அதற்கென்றே விற்கும் மென்சோப்பில் அலசி, குறைந்த சூட்டில் டிரையரில் மணிக்கணக்காகச் சுற்றவிட வேண்டும். கட்டி உடைய இரண்டு டென்னிஸ் பந்தையும் உள்ளே போடுவார்கள். ஹட்டன் வீட்டில் டிரையருக்கு எங்கே போவது? நார்ப் பையை வாளியில் ஊறவைத்து, மிதித்து அலசி, கொடியில் போட்டால் முடிந்தது. ஒரு குறை உண்டு: சுருட்டிச் சுருட்டி நார் நாளடைவில் தட்டையாகிவிடும். நன்றாகப் பேணினால் இறகுதான் அதிக வருடம் உழைக்கும். அந்தப் 'பேணினால்' எங்கள் ஈரத்தில் எவ்வளவு பெரிய சொல் என்பதுதான் என் கவலை. எதுவானாலும் வீட்டில் சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்காது.

வாங்கும்போது லேபிளில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும். சுகமாகத் தூங்கக்கூடிய அளவைப் பாருங்கள், தாங்கக்கூடிய எல்லையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேயிலைத் தோட்டங்களுக்குள் 5 பாகை போதும் என்பது என் கணக்கு. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹோர்டன் சமவெளியில் தைக் குளிரில் உறைபனி படியும். அங்கே படுக்க நினைப்பவர்கள் லேபிளில் இன்னும் குறைந்த பாகையைப் பார்க்கவேண்டும். அப்புறம், கீழே விரிக்கும் ஃபோம் பாய். முதுகுக்கடியில் இறகும் நாரும் ஒரேபோல நசுங்கிவிடும், தரைக்குளிரைத் தடுப்பது அந்தப் பாய்தான்.

உடுப்பிலும் கேள்வி ஒன்றுதான்: காயுமா? ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அம்மா பின்னிய கம்பளிச் சுவெட்டர் ஈரத்திலும் சூடு தரும், ஆனால் நனைந்தால் கல்லாகக் கனக்கும், காய இரண்டு நாள். நுவரெலியா பஜாரில் வாங்கிய ஃப்ளீஸ் சட்டையைப் பிழிந்து முதுகுப்பையின் மேல் கட்டி நடந்தேன், மத்தியானத்து அரைகுறை வெயிலுக்கே காய்ந்துவிட்டது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்வையிலேயே நனைந்துபோவோம். தூறலுக்கு நான் கொழுந்து எடுக்கிறவர்கள்போல இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டேன். மச்சான் சிரித்தான், முழங்கால் நனையாமல் போனது நான்தான். படுக்கைக்கென்று ஒரு சோடி உடுப்பைப் பொலித்தீனில் கட்டி வைத்து, எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் தொடாதீர்கள்.

ஈரம் ஒட்டாதபடி பதப்படுத்திய இறகும் இப்போது வருகிறது. நான் அதில் படுத்ததில்லை, ஆகவே அதற்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆனி, ஆடியில் ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, எல்ல என்று நடப்பவர்களுக்குச் சாதாரண இறகும் சரிவரும் என்று நினைக்கிறேன். அப்போது ஹட்டன் பக்கம் மழையில் நனையும், ஊவாவில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடக்கும். மச்சான் ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுவிட்டு அந்த ஆடிக்காகத்தான் காத்திருக்கிறான்.