காரைக்குடி ஸ்டியரிங் கடை: வண்டி ஜோர், பந்தயம்தான் சப்பென்று இருக்கிறது

காரைக்குடியில் நூறடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பழைய செட்டியார் வீட்டின் முகப்பை மட்டும் வாடகைக்கு எடுத்து ஒரு கேம் கடை நடக்கிறது. பெயரை விடுங்கள், அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் 'ஸ்டியரிங் கடையா?' என்று கை காட்டிவிடுவார்கள். கன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி, வைத்த சீட் மணிக்கு 80 ரூபாய், ஸ்டியரிங் சீட் 150. நான் எழுத வந்தது அந்த 150 ரூபாய் சீட்டைப் பற்றி. ஆனால் பாதிக்கு மேல் திட்டு விழப்போவது கேம்களுக்குத்தான், ஏனென்றால் கடை நடத்தும் தம்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார், கேம் செய்தவர்கள்தான் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். சுவர் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், மே மாதத்திலும் உள்ளே காலை வைத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. அதே சுவர்தான் வைஃபையையும் சாப்பிட்டுவிடுகிறது, அதனால் எல்லா சீட்டுக்கும் கேபிள் இழுத்திருக்கிறார். தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்கார ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அந்தக் கேபிள் தூணோடு தூணாகக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. ஆச்சி எப்போதாவது வளவில் இருந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு ஓடுதே, கரண்டு பில்லு உன் கணக்குலதானே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஸ்டியரிங் லாஜிடெக் ஜி29. 900 டிகிரி சுற்றும், அதாவது இரண்டரைச் சுற்று. பிரேக் பெடலுக்கு உள்ளே ரப்பர் கட்டை இருப்பதால் நிஜக் காரில் மிதிப்பது போல அழுத்தி மிதிக்க வேண்டும், புதிதாக வருபவர்கள் பாதி மிதித்துவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்று புகார் சொல்வார்கள். பெடல் செட்டின் அடியில் பல் போல ஒரு பிடிமானம் உண்டு, ஆனால் அது கார்ப்பெட்டுக்காகச் செய்தது. இங்கே கீழே இருப்பது ஆத்தங்குடிக் கல். தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுத் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆன தரை. ஆரம்பத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடல் ஒரு சாண் முன்னால் போகும், அடுத்த வளைவுக்குள் நாமும் சீட்டோடு கீழே சரிந்திருப்போம். தம்பி சாக்கை விரித்துப் பார்த்தார், சாக்கும் சேர்ந்தே போனது. கடைசியில் சுவருக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பலகையை அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டார், இப்போது அசைவதில்லை. கியர் கம்பி தனியாக வாங்கவில்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலில்தான் கியர் மாற்ற வேண்டும். அது ஒன்றுதான் எனக்குக் குறை.

சரி, கேமுக்கு வருவோம். பிஎஸ்5 என்கிற கேம் பெட்டியில் கிரான் டூரிஸ்மோ 7, கம்ப்யூட்டரில் ஃபோர்ஸா ஹொரைசன் 5. இரண்டும் கார் ரேஸ் கேம், பார்க்க அவ்வளவு அழகு. முன்னதில் மழை விழுந்து டிராக்கில் ஒரு கோடு மட்டும் காய்ந்து வருவதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். ஆனால் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் ஒன்று தெரியும்: ஸ்டியரிங் சீட்டுக்கு ஆசையாக வருபவர்கள் அரை மணியில் எழுந்துவிடுகிறார்கள், பக்கத்து சீட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம் ஆடும் பையன்கள் அடிமேல் அடி வாங்கியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். இத்தனைக்கும் சண்டை கேம் ஆடுகிறவன் ஸ்டியரிங் சீட்டில் இருப்பவர்களை விட அதிகம் தோற்கிறான்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. தோற்ற பிறகு என்ன என்ற கேள்விக்கு மற்ற கேம்கள் எல்லாம் ஏதோ ஒரு பதில் வைத்திருக்கின்றன. ரேஸ் கேமில் தோற்றால் ஒன்றும் ஆகாது. ரீஸ்டார்ட் பட்டன் வரும், அவ்வளவுதான். ஃபோர்ஸா ஹொரைசனில் தோற்கவும் விட மாட்டார்கள், தனியாக ஆடும்போது மரத்தில் மோதினால் ஒரு பட்டனை அமுக்கி நேரத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

இந்த ரீவைண்டே ரேஸ் கேம்களுக்கு வெளியே பெயர் வாங்கிய சமாச்சாரம்தான். 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம், சுவரில் ஓடித் தாவிக் குதிக்கும் கேம், அதில் தவறி விழுந்தால் நேரத்தைத் திருப்பலாம், ஆனால் கையில் மணல் இருக்க வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2008-இல் ரேஸ் டிரைவர்: கிரிட் இதே வித்தையை ஃபிளாஷ்பேக் என்று கொண்டுவந்தபோதும் இத்தனை தடவைதான் என்று கணக்கு இருந்தது. அடுத்த வருஷமே ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3 அந்தக் கணக்கைத் தூக்கிவிட்டது. வித்தையை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். விலை இருந்தவரை, கடைசி ஒரு ஃபிளாஷ்பேக்கை இந்த வளைவில் செலவழிப்பதா அடுத்த சுற்றுக்கு வைத்திருப்பதா என்ற பதைப்பு இருந்தது. இப்போது அது போயே போய்விட்டது.

பக்கத்து சீட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2023 ஜூனில் வந்தது. ஒரு பையன் தன் நண்பனின் ஒரே ஒரு தாவி உதைக்கும் அடிக்குத் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான். டிரெயினிங் பக்கம் போய், எதிரில் நிற்கும் பொம்மைக்கு அதே உதையைப் பதிவு செய்து வைத்து, ஓட விட்டு, தடுத்து, மறுபடி ஓட விட்டு, தடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனில் பழைய இடத்துக்கே வந்துகொண்டிருந்தான். திரையில் ஒரு பட்டை ஓடுகிறது, நம் அடி எந்த நொடித்துளியில் தொடங்கியது, எங்கே தாமதம் ஆனது என்று கலர் கலராகக் காட்டும். பத்து நிமிஷம் கழித்து, "மாப்ளே, இப்ப வா" என்றான். தடுத்துவிட்டான். அந்த ஆட்டத்திலும் தோற்றான், வேறு அடியில். ஆனால் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ரேஸ் கேமில் இது எங்கே? கிரான் டூரிஸ்மோ 7-இல் சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் என்று டிராக்கைத் துண்டு துண்டாக வெட்டிப் பழகும் பகுதி இருக்கிறது, நல்ல பகுதி, ஆனால் அங்கே டிராக்கில் நான் மட்டும்தான் இருப்பேன். எனக்குப் பழக வேண்டியது வேறு. முதல் வளைவில் ஒருத்தன் உள்பக்கமாக மூக்கை நுழைத்துக் கடைசி நேரத்தில் பிரேக் அடிக்கிறான், அவனுக்கு எவ்வளவு இடம் விடுவது, எப்போது திருப்புவது, வெளியே வரும்போது எப்படி முந்துவது? அந்த நாலு செகண்டை மட்டும் பதிவு செய்து, அதே வண்டி அதே இடத்தில் வருகிற மாதிரி திரும்பத் திரும்பத் தந்தால் நான் ராத்திரி வரை எழுந்திருக்க மாட்டேன். ஃபோர்ஸாவின் ரீவைண்டை வைத்துக் கொஞ்சம் ஒப்பேற்றலாம், அப்போதும் என் தப்பு எங்கே என்று அது சொல்லப் போவதில்லை.

அப்புறம் எதிராளி. கிரான் டூரிஸ்மோவில் சோஃபி என்று ஒரு ஏஐ இருக்கிறது, சோனி ஏஐ நிறுவனம் பழக்கியது, 2022 பிப்ரவரியில் நேச்சர் அறிவியல் இதழில் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது, 2023 நவம்பர் அப்டேட்டில் கேமுக்குள் நிரந்தரமாக வந்துவிட்டது. வேகத்தில் குறை சொல்ல முடியாது, இடித்துத் தள்ளாமல் மரியாதையாகவும் ஓட்டும். ஆனால் நேற்று என்னை முந்திப் போன சோஃபிக்கும் இன்றைக்கு வரும் சோஃபிக்கும் என் மேல் ஒரு கோபதாபமும் கிடையாது, எனக்கும் அதன் மேல் கிடையாது.

நம்ம பக்கத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தார் ரோட்டில் எல்லை வரை போய்த் திரும்புவதுதான் பந்தயம், பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு. பாதையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பைக்கில் கூட்டம் கூட்டமாகப் பின்னாலேயே போகிறார்கள், ஏன்? எந்த ஊர் மாடு போன தடவை எந்த ஊர் மாட்டைத் திருப்பத்தில் முந்தியது, அந்தச் சாரதி இந்த வருஷம் யார் வண்டியில் ஏறியிருக்கிறார் என்பதெல்லாம் ரோட்டோரம் நிற்கும் எல்லோருக்கும் மனப்பாடம். கொடி அசைவதற்கு முன்னாலேயே பாதிப் பந்தயம் ஓடி முடிந்திருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த கேமில் எனக்கு எதிரே வரிசையாக வண்டி நிற்கிறது, ஒன்றின் முன்கதையும் எனக்குத் தெரியாது.

இதற்கும் வழி எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. 2014-இல் வந்த மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோர் வாள் சண்டை கேம், அதில் உங்களைக் கொன்ற சாதாரண அடியாள் பதவி உயர்ந்து தலைவன் ஆவான், அடுத்த தடவை பார்க்கும்போது பழசைச் சொல்லிக் காட்டுவான். நெமிசிஸ் சிஸ்டம் என்று பெயர். 2021-இல் வார்னர் நிறுவனம் அதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டது, எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒருத்தன் நம்மை நினைவில் வைத்திருப்பது என்பதற்கு யாரும் பேட்டன்ட் போட முடியாதே! 2019-இல் வந்த கிரிட் கேம் கொஞ்சம் முயன்றது, ஒரு வண்டியை அடிக்கடி இடித்தால் அதன் டிரைவர் நமக்கு விரோதி ஆவார், அப்புறம் வம்பாகவே ஓட்டுவார். நல்ல தொடக்கம். ஆனால் இடித்தால் மட்டும்தான் பகையா? நியாயமாக முந்தினாலும் ஒரு மனுஷனுக்கு வயிறு எரியும்.

தோல்விக்கு விலை வைத்த ரேஸ் கேம் ஒன்று கடையில் இருக்கிறது, நீட் ஃபார் ஸ்பீட் ஹீட், 2019. பகலில் ஓட்டினால் பணம், ராத்திரி ஓட்டினால் பேர். ராத்திரியில் போலீஸ் துரத்தும் வேகம் ஏற ஏறப் பேரும் பெருகிக்கொண்டே போகும், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் அது முழுசாக நம்முடையது, வழியில் பிடிபட்டால் நஷ்டம். இன்னும் ஒரு ரேஸ் ஓட்டுவோமா, போதும் என்று வீட்டுக்குக் கிளம்புவோமா என்று கை தடுமாறும் அந்த இடம், குகைக்குள் இறங்கிப் புதையல் எடுக்கும் கேம்களில் இருந்து வந்த ருசி. கதையும் வசனமும் சுமார்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடையில் பந்தயமே இல்லாத ஒரு வண்டி கேமும் இருக்கிறது, தம்பியின் சொந்தக் கணக்கில், கேட்டால் போட்டுத் தருவார். பசிஃபிக் டிரைவ், 2024 பிப்ரவரி. ஒரு பழைய ஸ்டேஷன் வேகன், ஆபத்தான ஒரு காடு, உயிரோடு திரும்பி வர வேண்டும். கதவு கதவாக, பலகை பலகையாக அடிபடும், இறங்கிக் கையால் பட்டி தடவி ஒட்ட வேண்டும். அதைவிட அருமை, வண்டிக்குக் குணக்கேடு வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பானெட் திறந்துகொள்ளும் என்கிற மாதிரி ஏதாவது கிறுக்குத்தனம், எதைச் செய்தால் என்ன ஆகிறது என்று நாமே கவனித்துக் கண்டுபிடித்தால்தான் சரி செய்ய முடியும். கன்ட்ரோலரில் ஆடுகிற கேம்தான், 80 ரூபாய் சீட்டு போதும். ஆனால் இந்த ஓட்டை வேகன் மேல் வந்த பாசம் கிரான் டூரிஸ்மோவில் பளபளவென்று நிற்கும் ஒரு ஃபெராரி மேலும் எனக்கு வரவில்லை. அங்கே இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு விற்றுவிடலாம் போன்ற உறவு, இங்கே கதவு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

எதை வேண்டுமானாலும் கடன் வாங்கலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023-இல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், ஒரு கதாபாத்திரத்தைப் படிப்படியாக வளர்த்து ஆடும் ஆர்பிஜி கேம்களைப் பார்த்து ஒவ்வொரு காருக்கும் லெவல் வைத்தது, ஓட்டி ஓட்டி லெவல் ஏற்றினால்தான் பாகம் மாட்டலாம். ஐந்நூறு கார் இருக்கும் கேமில் இது என்ன வேலை? ஆடுகிறவர்கள் போட்ட கூச்சலில் 2024 மார்ச்சில் லெவலைப் பார்க்காமலே பாகம் வாங்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆர்பிஜியில் லெவல் ஏறுவது சுவையாக இருப்பதற்குக் காரணம் கூடவே ஒரு ஆள் வளர்கிறான் என்பது, இவர்கள் எண்ணை மட்டும் வளர்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தெருவில் நெட் அடிக்கடி போகும். கிரான் டூரிஸ்மோ 7-இல் பெரும்பாலான பகுதிகளுக்கு, தனியாக ஆடுவதற்கும்கூட, நெட் வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு அப்டேட் கோளாறில் முப்பது மணி நேரத்துக்கு மேல் உலகம் முழுக்க அது முடங்கிக் கிடந்தது நினைவிருக்கலாம். நெட் போனால் தம்பி ஸ்டியரிங்கை ஃபோர்ஸாவுக்கு மாற்றித் தருவார், அந்த அஞ்சு பத்து நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார். சண்டை கேம் சீட்டில் அப்போதும் ரெண்டு பேர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மொத்தத்தில் 150 ரூபாய்க்கு ஸ்டியரிங் சீட் தாராளமாகப் போகலாம், முதல் தடவை என்றால் அரை மணி போதும், மீதிக் காசுக்கு பசிஃபிக் டிரைவ் கேளுங்கள். கால் நீளமானவர்கள் உட்காரும் முன்பே சீட்டைப் பின்னால் தள்ளச் சொல்லிவிடுங்கள், பலகை வந்த பிறகு பெடலை நகர்த்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் பையன்கள் வந்துவிடுவார்கள், நிற்க இடம் இருக்காது. வார நாளில் மத்தியானம் போனால் சீட்டும் காலி, தம்பிக்கும் பேச நேரம் இருக்கும். செருப்பைத் திண்ணையிலேயே விட்டுவிட வேண்டும்.