அஸ்தம்பட்டி கணக்கு வகுப்பில் முடிவுறாப் பெருக்குத் தொடர்: ஒரு மதிப்புரை

சேலம் அஸ்தம்பட்டியில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நடத்தும் வார இறுதி வகுப்பில் என் மகள் படிக்கிறாள். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு அவர் தடை சொல்வதில்லை. ஆகவே முடிவுறாப் பெருக்குத் தொடர் (ஒவ்வொரு உறுப்பையும் பொது விகிதம் எனப்படும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்த உறுப்பைப் பெற்று, முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போகும் தொடர்) நடந்த வகுப்புகளை நானும் கேட்டேன். அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் உறுப்பை, ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்துக் கிடைப்பதால் வகுத்தால் கூடுதல் வந்துவிடும் என்னும் சூத்திரம் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அது எப்போது பொருந்தும் என்ற நிபந்தனைதான் பலருக்கு மனத்தில் தங்குவதில்லை. ஆசிரியர் அங்கிருந்தே தொடங்கினார். 2 − 3 + 9/2 − 27/4 + … என்று பலகையில் எழுதிக் கூடுதலைக் கேட்டபோது, பெரும்பாலோர் 4/5 என்றார்கள். சூத்திரத்தில் இட்டால் அந்த விடை தடையின்றி வரத்தான் செய்கிறது. பிறகு உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னார்: 2, −1, 7/2, −13/4, 55/8 என்று பகுதிக் கூடுதல்கள் இருபுறமும் மாறிமாறி விலகிப் போனதைப் பார்த்ததும், இல்லாத ஒரு கூடுதலுக்குச் சூத்திரம் மதிப்புக் கொடுத்துவிட்டது என்பது எல்லோருக்கும் விளங்கியது. பொது விகிதம் −3/2. அதன் எண்ணளவு, அதாவது குறியை நீக்கிய மதிப்பு, ஒன்றைவிடப் பெரியது. ஆகவே தொடர் விரியும், அதாவது எந்தக் கூடுதலையும் நெருங்காது. இதைச் சட்டமாக ஒப்பிக்கவிடாமல் கண்ணால் காண வைத்ததே இந்த வகுப்பின் முதன்மையான சிறப்பு என்று கருதுகிறேன்.

விகிதம் 1 ஆனால் சூத்திரத்தில் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடுவதால் தவறு உடனே தெரிந்துவிடும். −1 அவ்வாறன்று. 1 − 1 + 1 − 1 + … என்ற தொடரின் பகுதிக் கூடுதல்கள் 1, 0 என்று மாறிக்கொண்டே இருக்க, சூத்திரமோ 1/2 என்கிறது. இத்தாலியரான கிராண்டி 1703-இல் இத்தொடரைப் பற்றி எழுதியதையும், அதன் மதிப்பைப் பற்றிக் கணித அறிஞர்களிடையே நெடுங்காலம் விவாதம் நடந்ததையும் அவர் சொன்னபோது வகுப்பு கவனமாகக் கேட்டது.

பயிற்சிக் கணக்குகளின் தேர்வும் பாராட்டத்தக்கது. பொது உறுப்பில், மேலே உள்ள 2-இன் அடுக்கு, கீழே வகுக்கும் 3-இன் அடுக்கைப் போல இருமடங்காக அமைந்த ஒரு தொடரைக் கொடுத்தார். அவசரத்தில் 2/3 என்று நினைப்பவர் அது ஒருங்கும், அதாவது ஒரு கூடுதலை நெருங்கும் என்பார். உண்மையில் விகிதம் 4/3. அதே தொடரில் 3-க்குப் பதிலாக 5 வந்தால் விகிதம் 4/5 ஆகி, 1-இல் தொடங்கும் தொடரின் கூடுதல் 5 ஆகிறது. 0.272727… என்ற சுழல் தசமத்தை 27/100-இல் தொடங்கி 1/100 விகிதத்தில் செல்லும் தொடராக எழுதி 3/11 என்று காட்டியதும் நன்றாக இருந்தது.

எனக்குள்ள குறை ஒன்று. விகிதத்தின் எண்ணளவு ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால் அதன் அடுக்குகள் பூச்சியத்தை நெருங்கும் என்பதைக் கால்குலேட்டரில் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். சூத்திரத்தின் முழு நிரூபணமும் இதன் மேல்தான் நிற்கிறது. ஈருறுப்புத் தேற்றம் படித்த பிள்ளைகளுக்கு இது எட்டாததும் அல்ல. 2/3-இன் தலைகீழான 3/2-ஐ 1 + 1/2 என எழுதி நூறாம் அடுக்கை விரித்தால், முதல் இரண்டு உறுப்புகளே 51 ஆகின்றன. எனவே 2/3-இன் நூறாம் அடுக்கு 1/51-ஐவிடச் சிறியது. அடுக்கு பத்தாயிரம் என்றால் 1/5001-ஐவிடச் சிறியது. பத்து நிமிடத்தில் முடியும் இதை அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இடம் சற்று நெருக்கடியானது. கணிதச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்வதால் தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவதில்லை. பொதுத்தேர்வுக்கு மாதிரி வினாக்களை மட்டும் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு இந்த நிதானம் பொறுக்காது. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கோ, கல்லூரியில் கணிதத்துக்கோ போக நினைப்பவர்கள் தயங்காமல் சேரலாம்.