உகாண்டா கொரில்லா பயணம்: பெர்மிட்டை நீங்களே விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்

உகாண்டாவுக்குக் கொரில்லா பார்க்கப் போகலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். கடந்த ஆகஸ்ட்டில் நானும் என் மனைவியும் கம்பாலாவில் இருக்கும் ஒரு டூர் கம்பெனியிடம் 3,500 டாலர் கொடுத்து ஏமாந்தோம். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகார் போலீசிடம் இருக்கிறது, தவிர இந்த மாதிரி ஆட்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மனைவி அரசு மேல்நிலைப் பள்ளியில் 27 வருடம் விலங்கியல் நடத்தியவள். மலைக் கொரில்லாவை நேரில் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மிருகக்காட்சிசாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வழியில்லை, அங்கே இருப்பதெல்லாம் தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லா உகாண்டாவின் பிவிண்டி காட்டிலும், உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடரிலும் மட்டும்தான் இருக்கிறது. 2019 கடைசியில் வெளியான கணக்குப்படி மொத்தமே 1,063. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை அவள் இதற்கென்றே எடுத்துவைத்திருந்தாள். போனது அந்தப் பணம். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பெர்மிட் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் அதில்தான் இருக்கிறது. ருவாண்டாவில் ஒரு ஆளுக்குக் கொரில்லா பெர்மிட் 1,500 டாலர். உகாண்டாவில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு 800 டாலர், 2024 ஜூலையிலிருந்து. இது உகாண்டா வனவிலங்கு ஆணையம் வைத்த விலை. எந்த ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் அதே விலைதான். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழு, அதிலும் 8 பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். அதனால் மழை குறைந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பெர்மிட் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி இந்த உண்மைகள்தான். "ஆகஸ்ட் பெர்மிட் தீரப்போகிறது" என்றான், உண்மை. "முழுத் தொகையும் கட்டினால்தான் பெர்மிட் கிடைக்கும்" என்றான், அதுவும் உண்மை. நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன், அவன் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதோடு நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னவற்றை நான் தேடிப் பார்க்கவில்லை.

ஆளுக்கு 1,750 டாலர், ஆறு இரவு, பெர்மிட், சாப்பாடு, மேலே திறக்கும் கூரை வைத்த லேண்ட் க்ரூஸர், குயின் எலிசபெத் பூங்காவில் சஃபாரி, கசிங்கா கால்வாயில் படகு. மற்றவர்கள் எல்லாரும் 2,400, 2,600 என்று கேட்டபோது இவன் மட்டும் இப்படி. எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, "பெர்மிட்டிலேயே ஆளுக்கு 100 டாலர் குறைத்து வாங்கித் தருகிறேன்" என்றான். அரசாங்கம் வைத்த விலையில் இவன் எப்படிக் குறைப்பான்? அந்த இடத்திலேயே நான் பேச்சை முடித்திருக்க வேண்டும்.

முன்பணம் 1,050 டாலர் போனது. ஒரு மாதம் கழித்து, மீதி 2,450-ஐயும் அனுப்பினால்தான் பெர்மிட் எடுக்க முடியும் என்று செய்தி. இந்த முறை கணக்கு வேறு. கம்பெனிக் கணக்கில் டாலர் ஏற நாளாகும், டைரக்டரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்றான். எங்கள் வங்கியில் படிவத்தை வாங்கிப் பார்த்த பெண் அதிகாரி, "சார், போன தடவை கம்பெனி பேர்ல அனுப்பினீங்க, இப்ப தனி ஆள் பேரா இருக்கே, ஒரு தடவை கேட்டுக்குங்களேன்" என்றார். கேட்டேன். யாரிடம்? அதே ஏஜென்ட்டிடம். வாட்ஸ்அப்பில் உடனே பதில் வந்தது, அந்த டைரக்டரின் அடையாள அட்டைப் படத்தோடு. கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாளில் பெர்மிட் வந்துவிட்டது. ஒரு பிடிஎஃப். மேலே பெரிய கொரில்லாப் படம், ஆணையத்தின் முத்திரை, எங்கள் இருவர் பெயர், தேதி, பிவிண்டி காட்டின் ஒரு வாசலான புஹோமா என்று இடம், கீழே சின்ன எழுத்தில் ஒரு எண். என் மனைவி அதை வண்ணப் பிரிண்ட் எடுத்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழோடு சேர்த்து ஒரே ஃபைலில் வைத்தாள். அந்தத் தாளை அத்தனை முறை பார்த்தும் ஒன்று எங்களுக்கு உறைக்கவில்லை. அதுவரை அவன் எங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கவே இல்லை. உண்மையான பெர்மிட் எடுக்கப் பாஸ்போர்ட் விவரம் கொடுத்தாக வேண்டும். நீங்கள் பாஸ்போர்ட் நகல் அனுப்பாமலேயே உங்கள் பெயரில் பெர்மிட் வந்தால் அது பெர்மிட் இல்லை.

எண்டெபெ விமான நிலையத்துக்கு வந்தது கூரை திறக்காத பழைய வேன். ஓட்டுநர் நல்ல மனிதர். என்னை வாய் நிறைய "செபோ" என்று அழைப்பார், லுகாண்டாவில் ஐயா என்று அர்த்தம். வண்டி ஏன் மாறியது என்று கேட்டால், "ஆபீஸில் இதைத்தான் கொடுத்தார்கள் செபோ" என்று தலையைக் குனிந்துகொண்டார். சரி, வண்டிதானே என்று விட்டோம்.

மறுநாள் குயின் எலிசபெத் பூங்கா. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த ஏமாற்றில் மாட்டியவர்கள் பலருக்கு ஏமாந்ததே தெரியாது. இந்தப் பூங்காவின் நடுவே பொதுச்சாலைகள் போகின்றன. பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலைகள், நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டுங்குரு பாலத்தை ஒட்டிய நெடுஞ்சாலையிலேயே சில சமயம் யானை குறுக்கே போகும், புல்வெளியில் மான்கூட்டம் மேயும். எங்கள் சஃபாரி முழுவதும் அந்தச் சாலையில்தான் நடந்தது. ஒரு யானையைப் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம். அப்புறம் நான், "பூங்கா கேட் எங்கே, ரசீது எங்கே?" என்று கேட்டபோதுதான், நுழைவுக் கட்டணத்துக்கு ஆபீஸ் பணமே தரவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். படகுச் சவாரியும் பதிவாகவில்லை. அடுத்த நாள் இஷாஷா பகுதி, அத்திமரத்தில் ஏறிப் படுக்கும் சிங்கங்களுக்குப் பெயர் பெற்ற இடம். அதையும் பொதுச்சாலையிலேயே கடந்து போனோம். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "சிஸ்டம் டவுன், நாளை சரிசெய்கிறேன்." உங்கள் வண்டி பூங்காவுக்குள் போகிறதா இல்லையா என்று தெரிய ஒரே வழி கேட்டில் கட்டணம் கட்டிய ரசீதுதான். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள், நாகரிகம் பார்க்காதீர்கள்.

புஹோமாவில் நாங்கள் தங்கிய விடுதியில் மூன்று இரவுக்குப் பதில் ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டியிருந்தார்கள். அப்போதும் மனதைத் தேற்றிக்கொண்டோம். பெர்மிட் கையில் இருக்கிறதே.

காலை ஏழரைக்குப் பூங்கா அலுவலகம். நல்ல குளிர், மரங்களின் மேல் பனி இறங்கிக் கிடந்தது. உள்ளூர்ப் பெண்கள் மேளம் தட்டி, கைதட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் முறை. ரேஞ்சர் பெண் அன்றைய பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி மேலே போய், இன்னும் மெதுவாக ஓட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். எங்கள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவிக்குப் புரியவில்லை. அவள் ஃபைலில் வேறு தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கம்பாலாவுக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னார்கள். அந்த எண் உண்மையான எண்தான். ஆனால் மே மாதத்தில் அதே காட்டின் ருஷாகா பகுதியில் யாரோ இரண்டு பேர் போய்வந்த பெர்மிட்டின் எண். அதில் பெயரையும் தேதியையும் இடத்தையும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறான். எட்டு எட்டுப் பேராகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லாரும் காட்டுக்குள் போனார்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏஜென்ட்டின் போன் காலை ஒன்பது மணிக்கு அணைந்தது, இன்றுவரை அந்த எண் உயிர்பெறவில்லை.

விடுதி மேலாளர் எங்களுக்காக நாள் முழுக்கப் போனில் இருந்தார். சாயங்காலம், மறுநாள் ருஹிஜா பகுதியில் ஒருவர் வராததால் ஒரே ஒரு பெர்மிட் இருக்கிறது என்று தெரிந்தது. மறுபடி 800 டாலர். "நீங்க வராம நான் மட்டும் எப்படிங்க போறது, வேண்டாம், ஊருக்கே போயிடலாம்" என்றாள் என் மனைவி. "இவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போனா அந்தப் பயல் ஜெயிச்ச மாதிரி ஆயிடும், நீ போய்ட்டு வாம்மா" என்றேன். விடியும் முன்பே மலைப்பாதையில் கிளம்பினோம். பையைத் தூக்கவும் சரிவில் கைபிடித்து ஏற்றவும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை 20 டாலருக்கு அமர்த்திக்கொடுத்தேன். வயதானவர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவே கூடாது, அந்த ஊர்க்காரர்களுக்கும் அதுதான் வருமானம்.

மதியம் இரண்டரைக்குத் திரும்பி வந்தாள். முழங்கால் வரை சேறு. முகக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை; மனிதர்களின் சளியும் காய்ச்சலும் கொரில்லாவுக்குத் தொற்றும் என்பதால் அருகில் போகும்போது கட்டாயம் போடவேண்டும். ஒரு குட்டி தாயின் முதுகிலிருந்து சறுக்கி விழுந்து மறுபடி ஏறியதாம். குடும்பத்துக்குத் தலைவனான வெள்ளி முதுகு ஆண் இவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து இலையை உருவித் தின்றுகொண்டே இருந்ததாம். "விரல் நகம் அப்படியே நம்ம நகம் மாதிரி இருக்குங்க" என்று மூன்று முறை சொன்னாள். நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், அது போதும்.

ஊர் திரும்பும் முன் கம்பாலாவில் கீரா சாலையில் இருக்கும் வனவிலங்கு ஆணையத் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். பெர்மிட் எண், பெயர், பாஸ்போர்ட் எண் மூன்றையும் கொடுத்ததும் சில நிமிடத்தில் பார்த்துச் சொன்னார்கள். அங்கே நேரில் போகவேண்டும் என்றில்லை, முன்பதிவுப் பிரிவுக்கு மின்னஞ்சலோ போனோ போதும். இதை நான் ஜூலையிலேயே செய்திருந்தால் 2,450 டாலரில் பெரும்பகுதி போனாலும், காட்டு வாசலில் போய் நின்றிருக்க மாட்டோம். முன்பணம் கட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை இன்னொன்று இருக்கிறது. டூர் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுப்பது உகாண்டா சுற்றுலா வாரியம், டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. கம்பெனியின் பெயர் இந்த இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள், ஏஜென்ட் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பாதீர்கள். எங்கள் கம்பெனி இரண்டிலும் இல்லை. அவர்கள் தளத்தில் இருந்த பாராட்டுகள் எல்லாம் ஒரே இரண்டு மாதத்தில் எழுதப்பட்டவை என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

பெர்மிட்டில் பகுதியின் பெயரையும் பாருங்கள். பிவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு வாசல்கள். வரைபடத்தில் அருகருகே தெரியும், மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஆகும். உண்மையான பெர்மிட்டே எடுத்துக்கொடுத்து, தங்குவதற்கு மட்டும் மலிவாக வேறு வாசலில் அறை போடுகிறவர்களும் உண்டு என்று விடுதி மேலாளர் சொன்னார். பிள்ளைகளோடு போகிறவர்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்பதை மனதில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கே செல்லாது.

பணத்தைத் திருப்பக் கேட்டு எங்கள் வங்கியில் எழுதிக் கொடுத்தோம். தனியாள் கணக்கில் ஏறி எடுக்கப்பட்ட பணம், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்கவாவது வழி இருந்திருக்கும். கம்பாலாவில் சுற்றுலாப் போலீசிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம். எங்களுக்காக ஓட்டுநரும் வந்து வாக்குமூலம் கொடுத்தார். திரும்பும் வழியில் டீசல் அவர் சொந்தக் காசில் போட்டது, அதை மட்டும் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். ஆறு நாள் கூலி அவருக்கும் வரவில்லை. போன வாரம் பேசினேன், இன்னும் வரவில்லை என்றார்.