சுருதிப்பெட்டியும் சீலிங் ஃபேனும்: ஆன்லைன் பாட்டு கிளாஸுக்கு எந்த மைக்?

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை: வாய்க்குக் கிட்டே வைத்துப் பாடும் டைனமிக், தள்ளி இருக்கும் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டைனமிக் மைக் கட்சி. மேற்கு மாம்பலத்தில் என் அக்கா ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில். யூஎஸ்பி கண்டன்சர், யூஎஸ்பி டைனமிக் இரண்டையும் அவளுக்கு வைத்துப் பார்த்துவிட்டு டைனமிக்கில் நின்றுவிட்டோம். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். லேப்டாப்பிலேயே இருக்கும் மைக் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போதும், பாட்டுக்கு ஆகாது. புளூடூத் இயர்போன் இன்னும் மோசம். கேட்பதற்கு அருமையாக இருக்கும், ஆனால் அதன் மைக்கை ஆன் செய்ததும் பெரும்பாலானவற்றில் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும், பேச்சுக்கென்று உள்ள புளூடூத் முறையில் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்தான், அதாவது வினாடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் சத்தத்தை அளக்கும். காலர் மைக் மலிவு, மோசமில்லை. ஆனால் லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் கிளம்பினால் பெரும்பாலும் எர்த் தகராறு, பழைய வீடுகளில் இது சகஜம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், உறுமல் நின்றால் மைக் மேல் பழியில்லை.

சரி, இனி ஃபேன். சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட முடியாது, மார்கழியில் வேண்டுமானால் முடியலாம். கலிஃபோர்னியா பிள்ளைகளுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்றால் நமக்குக் காலை ஆறு மணி, சித்திரையில் அந்த நேரத்துக்கே வியர்த்துக் கொட்டுகிறது. ஃபேன் சத்தத்தை சாஃப்ட்வேரே எடுத்துவிடுமே என்பார்கள். எடுக்கும், பேச்சுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பேச்சு மாதிரி இல்லாமல், விடாமல் ஒரே சீராக ஓடுவதை எல்லாம் அது இரைச்சல் கணக்கில் எழுதிவிடும். ஒரே சீராக, விடாமல் ஓடுவது வேறு எது? தம்புரா. ஜூமில் இந்த இரைச்சல் நீக்கும் வசதி (நாய்ஸ் சப்ரஷன்) ஓடும்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் சுருதி விட்டுவிட்டுக் கேட்கும், டீச்சர் ஒரு ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்தால் அதுவும் பாதியில் அமுங்கும். இதற்காகவே ஜூம் ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, கிளாஸ் ஆரம்பித்ததும் மீட்டிங் திரையிலும் ஆன் செய்ய வேண்டும். செய்தால் சுருதி திரும்பி வரும். கூடவே ஃபேனும் வரும்.

ஆக, ஃபேனை மைக்குக்குள் வரும் முன்பே மடக்கினால்தான் உண்டு. இங்கேதான் டைனமிக் ஜெயிக்கிறது. அதில் மாயம் எதுவும் இல்லை, அதற்கு ஃபேன் சத்தம் வேறு, பாட்டு வேறு என்றெல்லாம் தெரியாது. அதன் உணர்திறன் குறைவு, அதனால் நான்கு விரற்கடை தூரத்தில் வாயை வைத்துத்தான் பாட வேண்டும், அந்த நெருக்கம்தான் வேலை செய்கிறது. தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், ஃபேன் சத்தமோ அப்படியேதான் இருக்கும். கண்டன்சரையும் இப்படிக் கிட்டே வைத்து கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவைக் குறைக்கலாமே என்றால், தாராளமாக. ஆனால் அவ்வளவு கிட்டே ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும், மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்தால் பல மைக்குகள் கரகரக்கும். அதைத் தள்ளி வைத்தால்தான் அழகு, தள்ளி வைத்தால் மாம்பலம் ஸ்டேஷன் ரயில் வரைக்கும் கேட்கும்.

இதைவிட முக்கியம், மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. சின்ன டேபிள் ஸ்டாண்டில் வைத்துக் கீழிருந்து வாயைப் பார்த்து நிமிர்த்தினால் அது நேராக ஃபேனையும் பார்க்கிறது. கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் மைக், முதுகுப் பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மேசையில் மாட்டும் மடக்குகிற கை ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, மேலிருந்து வாயை நோக்கித் தொங்கவிடுங்கள். முதுகு ஃபேனுக்கு, முகம் உங்களுக்கு. மேலே ஒரு பஞ்சு உறை போடுங்கள், ஃபேன் காற்று நேராகப் பட்டால் தனியாக ஒரு குமுறல் வரும்.

கண்டன்சருக்கு நியாயமும் சொல்ல வேண்டும். கமகத்தின் நுணுக்கம், வீணை மீட்டு, இதெல்லாம் அதில்தான் உயிரோடு வருகிறது. ஏசி ரூம், கதவு சாத்திய அமைதி இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் ப்ளூ யெட்டி மாதிரி கண்டன்சர் வாங்கினால் அதன் பக்கவாட்டைப் பார்த்துப் பாடுங்கள், அதற்கு முகம் உச்சியில் இல்லை. எந்தத் திசைச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்று அதில் நான்கு பேட்டர்ன் உண்டு, திருகு ஆம்னியில் (எல்லாத் திசையும்) இருந்தால் வீடு முழுக்கக் கேட்கும்.

டைனமிக்கிலும் குறை உண்டு. தாளம் போட்டுக்கொண்டே தலையைத் திருப்பினால் குரல் விழும். தம்புரா ஓடும் போனையும் மைக்குக்குக் கிட்டே வைத்தாக வேண்டும். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் என்ற டைனமிக் மைக்குகள் இரண்டிலும் லேப்டாப்புக்கான யூஎஸ்பி, மிக்ஸருக்கான எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருப்பதால் நாளைக்கு மிக்ஸர் வாங்கினாலும் வீணாகாது. எஸ்எம்58 போன்ற மேடை மைக்கை, லேப்டாப்போடு இணைக்கும் தனிப் பெட்டியான இண்டர்ஃபேஸில் மாட்டும் வழியும் உண்டு, நண்பர் வீட்டில் கொஞ்சம் பார்த்ததோடு சரி. நன்றாக இருந்தது, ஆனால் கோளாறு வந்தால் தேட வேண்டிய இடமும் கூடும்.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகள் எல்லா மைக்குக்கும் ஒன்றுதான். செருகியதும் லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையானால் பயப்பட வேண்டாம். ஹெட்போன் ஓட்டை உள்ள யூஎஸ்பி மைக்கை விண்டோஸ் சில சமயம் ஸ்பீக்கராகவும் எடுத்துக்கொள்ளும், சவுண்ட் அவுட்புட்டில் பழையதை மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும். மைக் பட்டியலில் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் பிரைவசி பகுதியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக் அனுமதி ஆஃப் ஆகியிருக்கும். ஜூமில் ‘ஆட்டோமேட்டிக்காக வால்யூம் சரிசெய்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அக்கா மூச்சு வாங்கும் இடைவெளியில் அது கெயினை ஏற்றி ஃபேனை மேலே கொண்டுவரும்.

வாங்கப் போவது சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், கடை ஃபேனுக்குக் கீழேயே நின்று ஒரு வரி பாடிப் பதிவு செய்து கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், முக்கால்வாசிக் கடை பூட்டியிருக்கும்.