இரும்புள்ள குளிசையா, இரும்பில்லாததா?

விடியற்காலையில் திருகோணமலை டச்சு வளைகுடாக் கரையில் வேகநடை, பிறகு கோணேசர் கோயில் ஏற்றம் என்று ஓடியாடும் பெண்களுக்கு, பாமசியில் கிடைக்கும் பல்விற்றமின் குளிசைகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் இரும்புச்சத்து உண்டு, மற்றதில் இல்லை. பெட்டியின் முகப்புப் படத்தை நம்பாமல் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள்.

அமெரிக்கப் பரிந்துரைப்படி, 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 8 போதும். மாதப்போக்கு அதிகமுள்ளவர், மீன் இறைச்சி தொடாதவர், நெடுந்தூரம் ஓடுபவர் ஆகியோருக்கு இரும்புள்ளதே பொருந்தும். தொல்லையும் அதில்தான் அதிகம்: சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப் பிரட்டல். போதாததற்கு, தேநீர் இல்லாமல் நம் ஊரில் பொழுது விடிவதே இல்லை! அது இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். குளிசைக்கும் கோப்பைக்கும் இடையில் ஒரு மணிநேரமாவது விடுங்கள். குளிசையோடு தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பது நல்லது, அது இரும்பை உறிஞ்ச உதவும். கல்சியம் குளிசையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள்.

மாதவிடாய் நின்றபின் தேவை 8 மில்லிகிராமாக இறங்கிவிடும். அவர்களுக்கு இரும்பில்லாததே போதும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரும்புக் குளிசையைத் தொடவே கூடாது.

முப்பதுகளில் இருக்கும் நடைத்தோழி கேட்டால் இரும்புள்ளதையே சொல்வேன். ஆனால் படியேறும்போதே மூச்சு வாங்கினால், முதலில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வேன். உண்மையான இரத்தசோகைக்குப் பல்விற்றமினிலுள்ள இரும்பு பெரும்பாலும் போதாது. மருத்துவர் தரும் தனிக் குளிசையே வேண்டும்.