8.7 பாகையில் நாலு வருசம்: கோள் பார்க்கும் தொலைநோக்கியும் ஒரு பனங்கட்டையும்

தென்காசியில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் போன் போட்டான். "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க அதே செட்டு இப்ப வெல எறங்கியிருக்குல்லா? எடுத்துறட்டா?" என்று கேட்டான். ரிப்பேருக்குப் போன மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பாகம், மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் வீடு வந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் அவனிடம் சரியாகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

8 அங்குல நியூட்டோனியன் என்ற கண்ணாடித் தொலைநோக்கி, ஜெர்மன் பாணி மோட்டார் மவுண்ட், கறுப்பு வெள்ளை கேமரா. இவற்றின் அளவுகள் எல்லாம் எங்கும் கிடைக்கும். நெபுலா என்கிற வானத்து வாயு மேகங்களைப் படம் எடுக்க நான் இதை வாங்கவில்லை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் அந்த நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வாங்கினேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நாலு வருசமாக அந்த வேலைதான் நடக்கிறது.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அப்படியென்றால், நாம் இருக்கும் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகைதான் அதைச் சாய்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமைக்கு அது 8.7 பாகை. இந்த மவுண்டில் செதுக்கியிருக்கும் அளவுகோல் 15 பாகையில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே திருகு இறங்காது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே இது தெரிந்தது. விற்ற கடையில் கேட்டேன். "தரையைச் சாய்ச்சு வச்சுக்கோங்க சார்" என்றார்கள்.

சாய்த்தேன். தெற்குக் காலுக்கு அடியில் வைக்கச் சுமார் 10 செ.மீ உயரத்துக்கு ஒரு கட்டை வேண்டும். ஊர் ஆசாரி வைரம் பாய்ந்த பனையில் அறுத்துத் தந்தார். "என்னத்துக்குய்யா இது?" என்றார். நட்சத்திரம் பார்க்க என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நாலு பக்கமும் இழைத்து, கால் வழுக்காமல் இருக்கக் குழியும் போட்டுக் கொடுத்தார். நாலு வருசத்தில் இந்தச் செட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாத பாகம் அந்தக் கட்டைதான். மழையில் நனைந்தது, வெயிலில் கிடந்தது, ஒரு மில்லிமீட்டர் கூட அசையவில்லை.

ஆனால் அச்சு இவ்வளவு படுத்துக் கிடந்தால் இன்னொரு வில்லங்கம் உண்டு. குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்எடை மாட்டியிருக்கும் கம்பி கிட்டத்தட்ட நேர் கீழாகத் தொங்கும். அது ட்ரைபாட் காலில் இடிக்கும். ட்ரைபாடைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவே கம்பி போய்வரும்படி வைத்தேன். அப்போதும் இரண்டு விரல் இடைவெளிதான் மிச்சம். போன மாசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மவுண்டுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிட்டது. பழைய இடத்துக்குத் திரும்பச் சொன்னேன். கம்பி காலில் முட்டியது. மோட்டார் நிற்காமல் தள்ளியது. பெல்ட்டின் பற்கள் தேய்ந்து போயின. மாசியில் அனுப்பினேன், வைகாசியில் வந்தது. பாகம் வரவில்லை என்றார்கள், பிறகு வந்த பாகம் சேரவில்லை என்றார்கள். வாரத்துக்கு ஒரு காரணம்.

மாசியிலிருந்து வைகாசி வரை என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். அதுதான் நமக்கு வானம். ஆனியில் கணவாய்க் காற்று தொடங்கினால் ஆவணி தாண்டியும் தொலைநோக்கிக் குழாய் ஆடிக்கொண்டே இருக்கும், சாரல் மேகம் வேறு. ஐப்பசி, கார்த்திகை வாடை மழைக்கு. 1999-ல் முதன்முதலாகக் குறுக்கே போவதைப் பார்த்த எச்டி 209458 பி என்ற கோள் பெகாசஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டம் நமக்கு உச்சிக்கு வருவதே மழைக்காலத்து முன்னிரவில்தான். அதைப் பிடித்த கருவியின் வாய் வெறும் 10 செ.மீ. என்னுடையதில் பாதி! இதைப் படித்த அன்றைக்குத்தான் நாமும் செய்யலாம் என்று எனக்குத் துணிவு வந்தது. ஆனால் அந்தக் கோளை நான் இதுவரை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

நான் பார்ப்பது வாஸ்ப்-43 பி என்ற கோள். சிம்மத்துக்குத் தெற்கே, செக்ஸ்டன்ஸ் என்ற மங்கலான கூட்டத்தில் இருக்கிறது. மாசியில் நடுராத்திரிக்கு உச்சிக்கு வரும். இந்தியா 2019-ல் பிபா என்று பெயர் வைத்த நட்சத்திரமும் சந்தமசா என்ற அதன் கோளும் இதே கூட்டத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கோளின் நட்சத்திரமான வாஸ்ப்-43 வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் புள்ளிகள் ஒரே மட்டத்தில் போகும். பிறகு இறங்கும். நூறில் இரண்டரை பங்கு இறங்கி, அடியில் கொஞ்சம் தங்கி, ஏறும். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் தடவை அந்தக் குழி திரையில் விழுந்தபோது, அடுத்த தெருவில் சுடலைமாடன் கொடை நடந்துகொண்டிருந்தது. வில்லுப்பாட்டுச் சத்தம் தட்டட்டி வரைக்கும் வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. 280 ஒளியாண்டுக்கு அப்பால், வியாழன் அளவு உள்ள ஒரு கோள், தன் நட்சத்திரத்தின் குறுக்களவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருப்பது, அதன் முகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. 19.5 மணி நேரத்தில் அதற்கு ஒரு வருசம் முடிந்துவிடும். ஒரே பக்கத்தை நட்சத்திரத்துக்குக் காட்டியபடி சுற்றுகிறது. விண்வெளியில் இருக்கும் வெப் தொலைநோக்கி அளந்ததில் அதன் பகல் பக்கம் சுமார் 1250 டிகிரி செல்சியஸ், ராப்பக்கம் 600. ராப்பக்கத்தில் மேகம், மணிக்கு 8000 கி.மீ வேகத்தில் காற்று. அந்த மேகம் என் கருவிக்குத் தெரியாது. கோளின் எடையும் தெரியாது. அதற்கு நட்சத்திரத்தின் ஆட்டத்தை நிறமாலையில், அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, அளக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது கோளின் அளவும் அது குறுக்கே போன நேரமும்தான்.

அந்த நேரம்தான் முக்கியம். ஒரு சுற்றுக்கு 0.1 வினாடி கணக்குப் பிசகினால், பத்து வருசத்தில் இந்தக் கோள் ஏறக்குறைய 4490 சுற்று சுற்றும். பிசகு ஏழரை நிமிடத்துக்கு வளர்ந்துவிடும். பெரிய தொலைநோக்கி தவறான நேரத்தில் திரும்பிப் பார்த்து என்ன பயன்? ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ஏரியல் என்று ஒரு விண்வெளித் தொலைநோக்கியைத் தயாரிக்கிறது. சுமார் ஆயிரம் கோள்களின் காற்றை ஆராயப் போகிறது. அதற்காக எக்ஸோகிளாக் திட்டத்தில் எங்களைப் போன்றவர்களிடமிருந்தும் நேரக் கணக்கு வாங்குகிறார்கள். நானும் அனுப்புகிறேன்.

இங்கேதான் எனக்கு மனசு தடுமாறுகிறது. என்னைப் படாதபாடு படுத்தும் அதே 8.7 பாகையால்தான் வாஸ்ப்-43 என் தலைக்கு மேல் 71 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. லண்டன்காரர் 30 பாகைக்குள் புழுதிக் காற்றின் வழியே அதைப் பார்க்க வேண்டும். வட வானத்துக் கோளும் தென் வானத்துக் கோளும் நமக்கு எட்டும். துருவ நட்சத்திரம் தெரிவதில்லை என்பது உண்மைதான். வடக்கே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. படம் எடுத்துக் கணக்குப் போட்டே அச்சைச் சரிசெய்கிறேன்.

குழாய் அருமை, குறை சொல்ல மாட்டேன். கேமராவில் இரைச்சல், அதாவது படத்தில் விழும் பொய்ப் புள்ளிகள், குறைவு. நம் ஊர்ச் சூட்டிலும் அசரவில்லை. செட்டு எனக்குத் தந்த ராத்திரிகளை வேறு எதுவும் தந்திருக்காது. இருந்தாலும் தம்பி, எடுக்காதே. அந்த அளவுகோலை 15-க்குக் கீழே அவர்கள் செதுக்காத வரைக்கும் எடுக்காதே. இந்த வருசத்து வாஸ்ப்-43 முழுக்கப் போய்விட்டது. நேற்று ராத்திரி மவுண்டை மறுபடி கட்டைமேல் ஏற்றி வைத்தேன். அதற்குள் நட்சத்திரம் பொதிகைக்குப் பின்னால் இறங்கிவிட்டது, காற்றும் எடுத்துவிட்டது.