குளூட்டரால்டிஹைடு கரைசல்: நாலு வருஷம் பயன்படுத்திய பிறகு

பல் கிளினிக்கில் கருவிகளைச் சுத்தம் செய்து அடுக்கும் பொறுப்பு என்னுடையது. கருவிகளை ஊறவைத்துக் கிருமி நீக்கும் 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலை நாலு வருஷமாகக் கேன் கேனாகத் தீர்த்திருக்கிறேன், அதனால் வாங்க நினைப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: சரக்கு நல்லதுதான், ஆனால் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மெஷினுக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள்.

கூடவே வரும் ஆக்டிவேட்டரைக் கலந்தால்தான் இது வேலை செய்யும். கலந்த நாளிலிருந்து 14 நாளோ 28 நாளோ தாங்கும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், கழுவிய கருவியை ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போட்டுக்கொண்டே இருந்தால் கரைசல் நீர்த்துப்போகும். எங்களிடம் 14 நாள் கரைசல் ஒன்று ஒன்பதாம் நாளே, வீரியம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் தேறாமல் போய் மொத்தத்தையும் மாற்றினோம். ஸ்ட்ரிப் இல்லாமல் கேனை மட்டும் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, இது புரதத்தை இறுக்கிவிடும். ரத்தம் ஒட்டிய ஸ்கேலரை (பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கருவி) அப்படியே முக்கினால் அந்த அழுக்கு உலோகத்தில் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் அதற்கடியில் இருக்கும் கிருமியை மருந்து தொடவே தொடாது. முதலில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், அல்லது அல்ட்ராசோனிக் கிளீனரில் போட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் நிறைய பேர் விட்டுவிடுவது இதைத்தான், பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

நேரத்தைப் பாருங்கள். லேபிளைப் பொறுத்து 20 முதல் 45 நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமிகள் சாகும், ஆனால் ஸ்போர்களும் (சில பாக்டீரியாக்கள் எடுக்கும், எளிதில் சாகாத உறை வடிவம்) சாக வேண்டுமென்றால் 10 மணி நேரம் வரை ஊற வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம், 134 டிகிரியில் அதைவிடக் குறைவு. பையில் போட்டு ஒட்டியே உள்ளே வைக்கலாம், ஸ்போர் டெஸ்ட் வைத்து மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஊறவைத்து எடுத்த கருவிக்கு இந்த இரண்டுமே கிடையாது, மறுபடி நன்றாக அலசவும் வேண்டும். பல்லைப் பிடுங்கும் ஃபோர்செப்ஸ், ஸ்கேலர் எல்லாம் ஆட்டோகிளேவுக்குத்தான் போக வேண்டும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸும் அப்படித்தான், நோயாளியின் எச்சில் அதன் உள்ளே வரை போகும், வெளியே துடைப்பதால் ஒன்றும் ஆகாது.

நெடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூடியைத் திறந்தாலே கண் எரியும், தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா கூட வரலாம். காற்றோட்டமான இடம், இறுக்கமான மூடி, நைட்ரைல் கையுறை மூன்றும் கட்டாயம். இதை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி நாற்காலியைத் துடைப்பதையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அதற்கென்றே வேறு மருந்து இருக்கிறது. நெடி ஒத்துக்கொள்ளாதவர்கள் இதே வேலைக்கான ஆர்த்தோ தாலால்டிஹைடு என்ற வேறு கரைசலை வாங்கலாம், நெடி மிகக் குறைவு, ஆனால் தோலில் பட்டால் சாம்பல் நிறக் கறை பிடிக்கும்.

இப்போது எங்கள் கிளினிக்கில் சூடு தாங்காத பிளாஸ்டிக் ரிட்ராக்டர் (உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிப்பது) மாதிரி சில சாமான்கள் மட்டும்தான் இதில் ஊறுகின்றன. அந்த அளவுக்கு அடுத்த கேனும் வாங்குவேன்.